திறமூலத் திட்டத்திற்கு நிரல் மதிப்பாய்வு மென்பொருளைத் தேர்ந்தெடுத்தல்: முழுமையான வழிகாட்டி

ஒருவர் எழுதிய நிரல் மாற்றத்தை இணைப்பதற்கு முன் இன்னொருவர் வாசித்து ஒப்புதல் தருவதே நிரல் மதிப்பாய்வு. எல்.எல்.வி.எம். கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) திட்டம் பல ஆண்டுகள் தன் நிரல் மதிப்பாய்வின் பெரும்பகுதியை ஃபேப்ரிகேட்டர் என்ற மென்பொருளில் நடத்திவந்தது. ஃபேஸ்புக்கில் உருவாகி, பின்னர் ஃபேசிலிட்டி என்ற சிறு நிறுவனத்தின் பராமரிப்பில் இருந்த அந்த மென்பொருள், 2021 ஜூனில் அந்நிறுவனம் கடையைக் கட்டியதும் ஆதரவின்றிப் போயிற்று. எல்.எல்.வி.எம். திட்டத்தினர் நெடுநாள் விவாதித்து, 2023 செப்டம்பரில் கிட்ஹப் தளத்தின் புல் ரிக்வெஸ்ட் (செய்த மாற்றங்களை இணைத்துக்கொள்ளக் கேட்கும் வேண்டுகோள்) முறைக்கு மாறினார்கள். எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் திரையின் அழகைப் பற்றியோ வேகத்தைப் பற்றியோ அதிகம் பேசவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பேட்ச்களை (சிறு மாற்றத் துண்டுகளை) தனித்தனியே மதிப்பாய்வு செய்யும் வழக்கத்தை இழக்கிறோம் என்பதே அவர்களுடைய முக்கியக் குறையாக இருந்தது.

இந்த ஒரு நிகழ்வில், மதிப்பாய்வு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் எவரும் எதிர்கொள்ள வேண்டிய சிக்கல்களில் பெரும்பாலானவை அடங்கியிருக்கின்றன. மென்பொருளைவிடத் திட்டத்திற்கு ஆயுள் அதிகம். மென்பொருள் மாறினால் வேலை செய்யும் பழக்கமே மாறும். பழைய உரையாடல்களை எங்கே வைப்பது என்ற கேள்வி கடைசியில் வந்தே தீரும். இணையத்தில் கிடைக்கும் ஒப்பீட்டு அட்டவணைகள் இவற்றைத் தொடாமல், எந்தக் கருவியில் எத்தனை வசதிகள் உள்ளன என்பதை மட்டும் எண்ணிக் காட்டுகின்றன. திறமூலத் திட்டத்தில் உண்மையில் தட்டுப்பாடாக இருப்பது மதிப்பாய்வாளரின் நேரம். அவருக்குப் பெரும்பாலும் சம்பளம் இல்லை. மாலையிலோ விடுமுறையிலோதான் உட்காருகிறார். அவருடைய ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதை அளவுகோலாகக் கொண்டே இந்த வழிகாட்டியின் படிகள் அமைகின்றன.

படி 1: கருவிகளைப் பார்க்கும் முன் உங்கள் திட்டத்தைப் பாருங்கள்

கடைசியாக இணைக்கப்பட்ட முப்பது நாற்பது மாற்றங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நான்கு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: அனுப்பியவர் பழையவரா புதியவரா, முதல் பதில் வர எத்தனை நாள் ஆயிற்று, எத்தனை முறை திருத்தி அனுப்பப்பட்டது, இறுதியில் யார் இணைத்தார். இதற்கு ஒரு மாலைப் பொழுது போதும். முதல் பதிலே மூன்று வாரம் தாமதமாகிறது என்று தெரிந்தால், உங்களுக்குத் தேவை வேறொரு மென்பொருள் அல்ல, இன்னொரு பராமரிப்பாளர். எந்தக் கருவியும் அந்தக் குறையைத் தீர்க்காது. முதல் பதில் விரைவில் வந்தும் திருத்தங்கள் ஐந்தாறு சுற்றுகள் இழுத்தடிக்கின்றன என்றால், சுற்றுகளுக்கிடையே என்ன மாறியது என்பதைத் தெளிவாகக் காட்டும் கருவி உங்களுக்குப் பெரிதும் உதவும். எல்லா இணைப்புகளையும் ஒரே ஒருவர்தான் செய்கிறார் என்றால், அனுமதிகளைப் பகிர்ந்தளிக்க எளிய வழியுள்ள கருவியைத் தேட வேண்டும்.

கூடவே, உங்கள் நிரல் எந்தப் பதிப்புக் கட்டுப்பாட்டு முறையில் (மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் மென்பொருளில்) இருக்கிறது என்பதையும் பாருங்கள். கிட் என்றால் எல்லாக் கதவுகளும் திறந்திருக்கின்றன. சப்வெர்ஷனிலோ மெர்க்குரியலிலோ இருந்துகொண்டு, அதைவிட்டு வர விருப்பமில்லாத திட்டம் என்றால், 2006ஆம் ஆண்டு முதல் உருவாகிவரும் ரிவ்யூ போர்டு போன்ற ஒரு சில தேர்வுகளே மிஞ்சும். எம்.ஐ.டி. உரிமத்தில் கிடைக்கும் அது, நிரலும் அதன் வரலாறும் சேர்ந்த களஞ்சியத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் மதிப்பாய்வை மட்டும் தனியே கவனிக்கும் மென்பொருள். இனி வருபவை கிட் பயன்படுத்துவோருக்கானவை.

படி 2: மதிப்பாய்வின் அலகு எது என்று முடிவு செய்யுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான முடிவு. மதிப்பாய்வாளர் ஒப்புதல் தருவது எதற்கு? ஒரு முழுக் கிளைக்கா (முதன்மை நிரலிலிருந்து பிரிந்து வளரும் தனிப் பாதை), ஒரே ஒரு கமிட்டுக்கா (ஒருமுறை பதிவுசெய்த மாற்றம்), அல்லது மின்னஞ்சலில் வரும் பேட்ச் வரிசைக்கா? இம்மூன்றுக்கும் மூன்று கருவிக் குடும்பங்கள் இருக்கின்றன. ஒன்றின் பழக்கத்தை மற்றொன்றில் திணிக்க முயன்றால் நேரம்தான் வீணாகும்.

கிளையை அலகாகக் கொள்வது கிட்ஹப், கிட்லேப், ஃபோர்ஜெஜோ, கிட்டீ ஆகியவற்றின் வழி. பங்களிப்பாளர் ஒரு கிளையில் விரும்பியபடி கமிட்களைச் சேர்த்து, "இதை உங்கள் முதன்மைக் கிளையில் இணைத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்கிறார். மதிப்பாய்வாளர் பொதுவாகக் கிளையின் மொத்த வேறுபாட்டைத்தான் வாசிக்கிறார். சிறு மாற்றங்களுக்கு இதைவிட எளிய முறை இல்லை. சிக்கல் திருத்தங்களின்போதுதான் தொடங்குகிறது. பங்களிப்பாளர் தன் கமிட்களை ரீபேஸ் செய்து (புதிய அடித்தளத்தின்மேல் மீண்டும் அடுக்கி) ஃபோர்ஸ் புஷ் செய்துவிட்டால் (பழையதன்மேல் எழுதிவிட்டால்), முன்பு எழுதிய வரிக் கருத்துகள் பல "காலாவதியானவை" என்று மடங்கிவிடுகின்றன. போன முறை பார்த்ததற்கும் இப்போது இருப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று கண்டுபிடிக்க மதிப்பாய்வாளர் திண்டாட நேர்கிறது. ஆகையால் இக்குடும்பத்தைத் தேர்ந்தெடுப்போர் ஒரு விதியையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்: மதிப்பாய்வு நடக்கும்போது திருத்தங்கள் புதிய கமிட்களாகவே வர வேண்டும், இணைக்கும்போது அவையனைத்தும் ஒரே கமிட்டாகச் சுருக்கப்பட வேண்டும். எல்.எல்.வி.எம். திட்டமும் கிட்ஹப்புக்கு வந்தபோது இப்படிச் சுருக்கி இணைப்பதையே விதியாக வைத்துக்கொண்டது.

கமிட்டை அலகாகக் கொள்வதில் முன்னோடி கெரிட். கூகுளில், பைத்தான் மொழியை உருவாக்கிய கைடோ வான் ராசம் முதலில் மொண்ட்ரியன் என்ற உள் கருவியையும், பிறகு 2008இல் ரீட்வெல்டு என்ற திறமூலக் கருவியையும் எழுதினார். ஆண்ட்ராய்டு திட்டத்தின் தேவைக்காக ரீட்வெல்டிலிருந்து கிளைத்து வளர்ந்தது கெரிட். ஆண்ட்ராய்டு, குரோமியம், கோ மொழி, க்யூட்டி, லிப்ரெஆஃபீஸ், ஓப்பன்ஸ்டாக், மீடியாவிக்கி ஆகியவை இதைப் பயன்படுத்தும் பெருந்திட்டங்கள்.

கெரிட் வேலை செய்யும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பங்களிப்பாளரின் கணினியில் ஒரு சிறு ஹூக் நிரலை நிறுவ வேண்டும். அவர் கமிட் செய்யும்போது, கமிட் செய்தியின் கடைசியில் "சேஞ்ச்-ஐடி" என்ற ஒரு வரியை அது தானாகச் சேர்த்துவிடும். கமிட்டைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் கிட் தரும் ஹேஷ் எண் (அடையாள எண்) மாறிக்கொண்டே இருக்கும்; ஆனால் இந்த வரி மாறாது. அதை வைத்தே சர்வர், "இது புதிய மாற்றம் அல்ல, பழையதன் நான்காம் வடிவம்" என்று அடையாளம் காண்கிறது. மதிப்பாய்வாளர் இரண்டாம் வடிவத்தையும் நான்காம் வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இடையில் மாறியதை மட்டும் வாசிக்கலாம். பழைய கருத்துகள் எந்த வடிவத்தில் எழுதப்பட்டனவோ அங்கேயே அழியாமல் நிற்கும். ஒப்புதலும் எண்களில் தரப்படுகிறது: வழக்கமான அமைப்பில் -2 முதல் +2 வரை. இருவர் +1 இட்டால் அது +2 ஆகிவிடாது. -2 இட்டவர் அதை விலக்கிக்கொள்ளும்வரை மாற்றம் உள்ளே போகாது. பத்துக் கமிட்களை ஒன்றையொன்று சார்ந்த வரிசையாக அனுப்பினால், முதல் மூன்றை இன்றைக்கே இணைத்துவிட்டு மற்றவற்றை நிதானமாகப் பார்க்கலாம்.

இது மதிப்பாய்வாளருக்குப் பெரும் வசதி. பங்களிப்பாளருக்கோ, கமிட்டைத் திருத்தவும் வரிசையை மாற்றியடுக்கவும் கிட்டில் நல்ல பயிற்சி வேண்டும். என் கணிப்பில், திரும்பத் திரும்ப வரும் பங்களிப்பாளர்களே பெரும்பான்மையாக உள்ள, ஒவ்வொரு மாற்றமும் பலமுறை திருத்தப்படும் திட்டத்துக்குத்தான் கெரிட் தான் கேட்கும் உழைப்புக்கு ஏற்ற பலனைத் தரும். பாதிக்கு மேற்பட்டோர் ஒரே ஒரு முறை வந்து ஒரு பிழையைத் திருத்திவிட்டுப் போகிறவர்கள் என்றால், அவர்களை அந்த ஹூக்கை நிறுவச் சொல்வது வாசலிலேயே திருப்பி அனுப்புவதற்குச் சமம்.

மின்னஞ்சல் பேட்ச் முறையைப் பழமை என்று ஒதுக்கிவிட வேண்டாம். லினக்ஸ் கெர்னல், கிட், போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஆகிய மூன்றும் இன்றைக்கும் இப்படித்தான் இயங்குகின்றன. கெர்னலில் ஒவ்வொரு துணையமைப்புக்கும் பொறுப்பாளர் யார் என்று ஒரு கோப்பில் எழுதிவைத்திருக்கிறார்கள். எந்தப் பேட்ச் யாருக்குப் போக வேண்டும் என்று ஒரு சிறு ஸ்கிரிப்ட் சொல்லிவிடும். மதிப்பாய்வாளர் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவதுபோல, வரிகளுக்கிடையே கருத்தைச் சேர்க்கிறார். திருப்தி ஏற்பட்டால் "ரிவ்யூட்-பை" என்று தன் பெயரை இடுகிறார். அந்தப் பெயர் கமிட் செய்தியிலேயே நிலைத்துவிடுகிறது. பேட்ச்வொர்க் என்ற மென்பொருள் எந்தப் பேட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்று பட்டியலிடுகிறது. பி4 என்ற கருவி, அஞ்சல் காப்பகத்திலிருந்து ஒரு வரிசை முழுவதையும் அதற்குக் கிடைத்த ஒப்புதல்களோடு சேர்த்து எடுத்துத் தருகிறது. இணைய இணைப்பு அறுந்திருக்கும்போதும் மதிப்பாய்வு செய்ய முடிகிற ஒரே முறை என்று இதைச் சொல்லிவிடலாம். ஆனால் வரிகளைத் தானாக மடக்கும், எச்டிஎம்எல் கலந்து அனுப்பும் மின்னஞ்சல் செயலிகளில் பேட்ச் சிதைந்துவிடும் என்பதால், முதன்முறை அனுப்புபவர் தன் மின்னஞ்சலைச் சரிப்படுத்தவே ஒரு நாளைச் செலவிடக்கூடும். புதிதாகத் தொடங்கும் சிறு திட்டத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏற்கெனவே இதில் பழகிய குழுவைக் கட்டாயப்படுத்தி வெளியே கொண்டுவரவும் மாட்டேன்.

படி 3: முதன்முறை வருபவரின் பாதையை நடந்து பாருங்கள்

உங்கள் திட்டத்தைப் பற்றி எதுவும் தெரியாத நண்பர் ஒருவரிடம், ஆவணத்தில் உள்ள ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தி அனுப்பச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, உதவி செய்யாமல், எங்கெங்கே நிற்கிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். புதுக் கணக்கு தொடங்க வேண்டுமா, எஸ்எஸ்எச் சாவி (சர்வரில் நுழைய உதவும் அடையாளக் கோப்பு) வேண்டுமா, பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டுமா, எல்லாம் முடிந்து "அனுப்பு" என்று அழுத்தியபின் தன் மாற்றம் எங்கே போயிற்று என்று அவருக்குத் தெரிகிறதா என்பவையெல்லாம் அப்போது வெளிப்படும். கிட்ஹப்பில் பெரும்பாலோர்க்கு ஏற்கெனவே கணக்கு இருக்கிறது, உலாவியிலேயே திருத்தலாம் என்பது அதன் மிகப் பெரிய பலம். வசதிப் பட்டியலில் இது ஒரு வரியாகக்கூட இடம்பெறுவதில்லை.

மதிப்பாய்வாளருக்கு ஏற்ற கருவியும் புதியவருக்கு ஏற்ற கருவியும் வேறுவேறாக இருக்கும்போது, சில திட்டங்கள் இரண்டு வாசல்களை வைத்துச் சமாளிக்கின்றன. கோ மொழித் திட்டத்துக்கு கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்ட் அனுப்பலாம். ஒரு பாட் (தானாக இயங்கும் நிரல்) அதைக் கெரிட்டுக்குக் கொண்டுபோய்விடும், மதிப்பாய்வு அங்கே நடக்கும். கிட் திட்டத்துக்கு கிட்கிட்கேட்ஜெட் என்ற பாலம், புல் ரிக்வெஸ்ட்டை மின்னஞ்சல் பேட்ச்களாக மாற்றி அனுப்புகிறது. இத்தகைய பாலத்தைப் பராமரிக்க ஆள் இருந்தால் இது சிறந்த வழி. ஆள் இல்லையென்றால், கருத்துகள் ஓரிடத்திலும் பதில்கள் வேறிடத்திலுமாகச் சிதறி, இரு பக்கமும் கோபம்தான் மிஞ்சும்.

நிரல் எழுதாத பங்களிப்பாளர்களை மதிப்பாய்வுக் கருவியின் பக்கமே வரவிடாமல் பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது. மீடியாவிக்கியின் இடைமுகச் சொற்களைத் தமிழாக்குபவர்கள் கெரிட்டைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. அவர்கள் டிரான்ஸ்லேட்விக்கி தளத்தில் மொழிபெயர்க்கிறார்கள். அங்கிருந்து ஒரு பாட் எல்லா மொழிகளின் மாற்றங்களையும் திரட்டிக் கெரிட்டில் சேர்த்துவிடுகிறது. தமிழ் விக்கிப்பீடியாவின் பொத்தான்களிலும் பட்டிகளிலும் நாம் வாசிக்கும் சொற்கள் இந்த வழியாகத்தான் வந்து சேர்கின்றன. உங்கள் திட்டத்தில் மொழிபெயர்ப்பாளர்கள் கணிசமாக இருந்தால், வெப்லேட் போன்ற மொழிபெயர்ப்புத் தளத்தைத் தனியே அமைத்துவிடுங்கள்.

படி 4: யாருடைய சர்வரில் என்று தீர்மானியுங்கள்

பிறர் நடத்தும் தளத்தில் இருப்பது எளிது, செலவு குறைவு, விதிகள் அவர்களுடையவை. 2019 ஜூலையில் அமெரிக்கப் பொருளாதாரத் தடைகளைக் காரணம் காட்டி, ஈரான், சிரியா, கிரீமியா ஆகிய இடங்களின் பயனர்களுக்கு கிட்ஹப் சில சேவைகளைக் கட்டுப்படுத்தியது. ஈரானுக்கான உரிமத்தை அது பெற்றது 2021 ஜனவரியில்தான். பொதுக் களஞ்சியங்கள் பெரிய அளவில் பாதிக்கப்படவில்லை என்றாலும், உங்கள் பங்களிப்பாளர்கள் எந்தெந்த நாடுகளில் இருக்கிறார்கள் என்பதைத் தேர்வுக்கு முன்பே யோசிக்க வேண்டியதன் காரணம் இதுவே. 2016 ஜனவரியில் கூகுள் கோட் தளம் மூடப்பட்டதும் நினைவில் இருக்கட்டும்.

சொந்த சர்வரில் நடத்த நினைப்போர்க்கு ஃபோர்ஜெஜோ மிக இலகுவானது. கோ மொழியில் எழுதப்பட்ட அதை எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளத்தோடு ஒரு சிறிய மெய்நிகர் சர்வரிலேயே ஓட்டலாம். கிட்டீ திட்டத்தின் பெயரும் வணிக முத்திரையும் ஒரு நிறுவனத்தின் கைக்குப் போனதை ஏற்காதவர்கள் 2022 இறுதியில் பிரித்தெடுத்துத் தொடங்கியது அது. பெர்லினில் பதிவுசெய்யப்பட்ட கோட்பெர்க் என்ற இலாப நோக்கற்ற சங்கம் அதன் பின்னணியில் நிற்கிறது. சர்வர் நடத்த ஆளில்லாத, ஆனால் பெருநிறுவனத்தைச் சார்ந்திருக்கவும் விரும்பாத திட்டங்களுக்கு அச்சங்கத்தின் தளமே ஒரு நல்ல இடம். கிட்லேப் இதைவிடப் பல மடங்கு நினைவகம் கேட்கும். ஆனால் சோதனை, வெளியீடு, பணிப்பட்டியல் எல்லாம் ஒரே கூரையின்கீழ் கிடைக்கும். டெபியனும் க்னோமும் 2018இலும், கேடிஇ 2020இலும் தங்கள் சொந்த கிட்லேப் சர்வர்களுக்கு மாறின. கேடிஇ அதற்கு முன் இருந்ததும் ஃபேப்ரிகேட்டரில்தான். கிட்லேப் பற்றி ஓர் எச்சரிக்கை: இலவச சமூகப் பதிப்பில் ஒப்புதல் தரும் பொத்தான் இருக்கும், ஆனால் "இருவர் ஒப்புதல் இன்றி இணைக்கக் கூடாது" என்று கட்டாயப்படுத்தும் வசதி கட்டணப் பதிப்பில்தான் உண்டு. தகுதியுள்ள திறமூலத் திட்டங்களுக்கு உயர்பதிப்பை இலவசமாகத் தரும் திட்டம் அந்நிறுவனத்திடம் இருக்கிறது. ஆனால் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும், புதுப்பிக்கவும் வேண்டும்.

சொந்த சர்வரின் உண்மையான செலவு மாத வாடகை அல்ல. பாதுகாப்புப் புதுப்பிப்புகளை உடனுக்குடன் நிறுவ வேண்டும், குப்பைக் கணக்குகளைக் களைய வேண்டும், காப்புப்பிரதி எடுப்பதோடு நில்லாமல் அதை மீட்டெடுத்தும் பார்க்க வேண்டும். அண்மை ஆண்டுகளில், செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் தரவு திரட்டும் பாட்கள் ஒவ்வொரு கமிட்டின் ஒவ்வொரு வேறுபாட்டுப் பக்கத்தையும் இடைவிடாமல் கோரி, சிறிய சர்வர்களைத் திணறடிக்கின்றன. க்னோமின் கிட்லேப்பே அனூபிஸ் என்ற தடுப்பு மென்பொருளை முன்னே நிறுத்த வேண்டியதாயிற்று. இரவில் சர்வர் விழுந்தால் எழுப்ப இருவராவது இல்லையென்றால், சொந்த சர்வர் ஆசையை ஒத்திவைப்பதே புத்திசாலித்தனம்.

படி 5: காவலும் தானியங்குச் சோதனையும்

முதன்மைக் கிளையில் யாரும் நேரடியாகத் தள்ள முடியாதபடி பூட்ட முடிகிறதா, குறிப்பிட்ட கோப்புறைகளுக்குக் குறிப்பிட்டவரின் ஒப்புதலைக் கட்டாயமாக்க முடிகிறதா, ஒப்புதலுக்குப் பிறகு புதிய கமிட் வந்தால் பழைய ஒப்புதல் ரத்தாகுமா என்ற மூன்றையும் தேர்வுப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு கருவியிலும் நீங்களே செய்து பாருங்கள். மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது இயல்பாகவே செயல்படும் என்று நம்பக் கூடாது. பல இடங்களில் நீங்கள்தான் அதை இயக்கிவிட வேண்டும்.

அறிமுகமில்லாதவர் அனுப்பும் நிரலை உங்கள் சோதனை இயந்திரத்தில் ஓட்டுவது, அவருக்கு அந்த இயந்திரத்தின் சாவியைக் கொஞ்ச நேரம் கொடுப்பதுதான். புல் ரிக்வெஸ்ட்களைப் பயன்படுத்தி கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல்களை ஓட்டியவர்கள் பெருகியதால்தான், முதன்முறைப் பங்களிப்பாளரின் சோதனையைப் பராமரிப்பாளர் அனுமதித்த பின்பே ஓட்டும் வழக்கத்தை கிட்ஹப் 2021இல் கொண்டுவந்தது. வெளியாரின் நிரலும் உங்கள் கடவுச்சொற்களும் ஒரே சோதனை ஓட்டத்தில் சந்திக்காதபடி அமைக்க முடியாத எந்தக் கருவியையும் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.

மாற்றங்கள் நாளொன்றுக்குப் பத்துக்கு மேல் வரும் திட்டங்களில் இன்னொரு தொல்லை தலைதூக்கும். இரண்டு மாற்றங்கள் தனித்தனியே சோதனையில் தேறும். இரண்டும் உள்ளே வந்ததும் உடையும். ஒன்று ஒரு செயற்கூற்றின் பெயரை மாற்றியிருக்கும், மற்றொன்று பழைய பெயரில் அதைப் புதிதாக அழைத்திருக்கும். ரஸ்ட் மொழித் திட்டம் நெடுங்காலமாகவே இதற்காக ஒரு பாட்டை வைத்திருக்கிறது: இணைத்த பின் கிடைக்கும் நிலையை முதலில் சோதித்து, தேறினால் மட்டுமே உள்ளே விடுவது அதன் வேலை. ஓப்பன்ஸ்டாக் இதற்காகவே ஜூல் என்ற மென்பொருளை உருவாக்கியது. கிட்ஹப்பில் இது இணைப்பு வரிசை என்ற பெயரிலும், கிட்லேப்பில் இணைப்புத் தொடர்வண்டி (மெர்ஜ் டிரெயின்) என்ற பெயரிலும் இப்போது கிடைக்கிறது. வாரத்துக்கு ஐந்து மாற்றம் வரும் திட்டத்துக்கு இது தேவையற்ற சுமை.

மதிப்பாய்வு மென்பொருளால் எதைத் தடுக்க முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2024 மார்ச்சில் வெளிப்பட்ட, எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் பின்கதவில் (மறைத்துவைத்த தீய நுழைவழியில்), தீய நிரலின் ஒரு பகுதி சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் மனிதர் வாசிக்க முடியாத பைனரி வடிவில் களஞ்சியத்துக்குள் இருந்தது. அதைத் தூண்டிவிடும் பகுதி களஞ்சியத்திலேயே இல்லை, வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் சேர்க்கப்பட்டிருந்தது. அதைச் செய்தவரும் நம்பிக்கை பெற்ற பராமரிப்பாளர். களஞ்சியத்தின் வேறுபாட்டை மட்டும் காட்டும் கருவியில், களஞ்சியத்துக்கு வெளியே சேர்க்கப்பட்டதைப் பார்க்கும் வழியே இல்லை. ஆகவே வெளியீட்டுத் தொகுப்பைக் களஞ்சியத்திலிருந்து தானாகவே உருவாக்குவதையும், பைனரிக் கோப்பு சேர்க்கும் மாற்றத்துக்கு இரண்டாம் ஒப்புதல் கேட்பதையும் கருவியோடு சேர்த்தே திட்டமிடுங்கள்.

படி 6: உங்கள் கோப்புகளை அதன் திரையில் திறந்து பாருங்கள்

ஒவ்வொரு கருவியின் விளம்பரப் படத்திலும் பத்து வரி ஜாவாஸ்கிரிப்ட் மாற்றம் அழகாகத் தெரியும். உங்கள் திட்டத்தில் இருப்பவை படங்களா, ஜூபிட்டர் நோட்புக்குகளா, நாலாயிரம் வரி நீளும் தரவுக் கோப்புகளா? அவற்றில் உண்மையான ஒரு பழைய மாற்றத்தை எடுத்து அந்தக் கருவியில் ஏற்றிப் பாருங்கள்.

தமிழ் உரை உள்ள திட்டங்களுக்கு ஒரு தனிச் சோதனை உண்டு. "கொ" என்ற எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் இடலாம், ஒற்றைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறிகளாகவும் இடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இருவேறு விசைப்பலகைகளில் தட்டப்பட்ட ஒரே சொல் வேறுபாட்டுப் பக்கத்தில் வரும்போது, சிவப்பிலும் பச்சையிலும் ஒரே வரி இருமுறை நிற்கும். மதிப்பாய்வாளர் எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் எதுவும் மாறியதாகத் தெரியாது. "ஔ" என்பதற்குப் பதிலாக "ஒ"வும் "ள"வும் சேர்த்துத் தட்டப்பட்ட இடங்களிலும் இதே கதைதான். அதிலும் இது வெறும் குறியீட்டு வேறுபாடன்று, உண்மையான எழுத்துப் பிழை. கருவியிடம் இதற்குத் தீர்வை எதிர்பார்க்காமல், கோப்புகளை என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு முறை) வடிவுக்கு மாற்றிச் சரிபார்க்கும் ஒரு சிறு சோதனையை நீங்களே சேர்த்துவிடலாம். முதல் வகையை அது பிடித்துவிடும், இரண்டாவதற்குச் சொற்பட்டியல் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத குறிகளால் நிரலின் பொருளையே மாற்றிக் காட்டலாம் என்று 2021இல் ஆய்வாளர்கள் அம்பலப்படுத்திய பிறகு, எழுத்தின் திசையை மாற்றும் குறிகள் உள்ள கோப்புகளுக்கு கிட்ஹப் எச்சரிக்கை காட்டுகிறது. நீங்கள் தேர்ந்தெடுக்கும் கருவியும் காட்டுகிறதா என்று பார்ப்பது நல்லது.

படி 7: விட்டுப் போகும் நாளுக்கு இன்றே ஒத்திகை

கிட் களஞ்சியத்தை எங்கும் தூக்கிச் செல்லலாம். ஏன் இப்படி எழுதினோம், வேறு வழி ஏன் வேண்டாம் என்றோம் என்பதெல்லாம் மதிப்பாய்வு உரையாடலில்தான் இருக்கிறது, அது பெரும்பாலும் களஞ்சியத்தில் இல்லை. கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்ட்டின் நிரலைக் கிட் வழியே எடுக்கலாம். கருத்துகளை ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் இடைமுகம்) வழியாகத்தான் எடுக்க முடியும். கெரிட்டின் 3.0 பதிப்பு முதல் கருத்துகளும் வாக்குகளும் கிட் களஞ்சியத்துக்குள்ளேயே சேமிக்கப்படுகின்றன. கெர்னலின் அஞ்சல் காப்பகமும் கிட் களஞ்சியங்களாகவே கிடைப்பதால், விரும்பும் எவரும் முழு வரலாற்றையும் தன் கணினியில் படியெடுத்து வைத்துக்கொள்ளலாம். இந்த ஒரு விஷயத்தில் பழைய முறைதான் முன்னணியில் நிற்கிறது.

ஆகவே தேர்வை இறுதி செய்யும் முன், ஒரு மதிப்பாய்வு உரையாடலை முழுதாக வெளியே எடுத்து, அந்தக் கருவியின் துணையின்றி வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியும் என்றால், அதை மாதந்தோறும் தானாக ஓடும்படி செய்துவிடுங்கள். எல்.எல்.வி.எம். களஞ்சியத்தின் பல்லாயிரம் கமிட் செய்திகளில் பழைய ஃபேப்ரிகேட்டர் முகவரிகள் இன்னமும் இருக்கின்றன. அந்தத் தளத்தின் நகல் ஒன்றை நிலையான பக்கங்களாகப் பாதுகாத்ததால்தான் அவை வெற்று முகவரிகளாகிவிடவில்லை. கமிட் செய்தியில் மதிப்பாய்வு இணைப்பைத் தருவது நல்ல வழக்கம். முடிவின் காரணத்தை இரண்டு வரியில் அங்கேயே எழுதிவிடுவது அதைவிட நல்ல வழக்கம்.

படி 8: முடிவும் மாற்றமும்

பட்டியலை இரண்டு கருவிகளாகக் குறைத்த பின், திட்டத்தின் ஒரு துணைக் களஞ்சியத்தை மட்டும் எடுத்து, ஒரு மாத காலம் உண்மையான மாற்றங்களோடு ஓட்டிப் பாருங்கள். போலி மாற்றங்களில் எல்லாக் கருவிகளும் இனிக்கும். அதிகம் மதிப்பாய்வு செய்யும் இருவர் மூவரின் கருத்துக்கு மற்றவர்களின் வாக்கைவிடக் கூடுதல் எடை கொடுங்கள். இது ஜனநாயகத்துக்கு மாறானது போலத் தோன்றலாம், ஆனால் அவர்கள் சலித்து விலகினால் திட்டமே நின்றுவிடும். படி 1இல் எடுத்த கணக்கை அந்த மாதத்துக்கும் எடுத்து ஒப்பிடுங்கள்.

எனக்குத் தோன்றுவது இதுதான்: பராமரிப்பாளர் ஒருவரோ இருவரோ உள்ள, வழிப்போக்கர்களின் பங்களிப்பை நம்பியிருக்கும் திட்டத்துக்கு கிட்ஹப் அல்லது கோட்பெர்க் போதும், அதற்குமேல் யோசிப்பதில் செலவாகும் நேரத்தில் நாலு மாற்றங்களை மதிப்பாய்வு செய்துவிடலாம். சர்வர் நிர்வாகத்துக்கென்றே ஆட்கள் உள்ள, பல துணைத்திட்டங்களைக் கொண்ட அமைப்புக்குச் சொந்த கிட்லேப்போ ஃபோர்ஜெஜோவோ பொருந்தும். ஒவ்வொரு கமிட்டும் தனித்து நிற்க வேண்டும், பிழை எங்கே நுழைந்தது என்று கிட் பைசெக்ட் கொண்டு தேடுவது அன்றாட வேலை, பங்களிப்பாளர்கள் பெரும்பாலும் முழுநேர ஊழியர்கள் என்ற நிலையில் கெரிட்டுக்கு நிகர் இல்லை. ஃபேப்ரிகேட்டரை விரும்புவோர் அதன் சமூகக் கிளையான ஃபோர்ஜைப் பார்க்கலாம். ஏற்கெனவே அதில் இருப்பவர்களுக்கு அது சரியான இடம், புதிதாக வருபவர்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

மாறும்போது பழையதையும் புதியதையும் நெடுநாள் சேர்த்து ஓட்டாதீர்கள். ஒரு தேதியை அறிவித்து, அன்று முதல் புதிய மாற்றங்கள் புதிய இடத்தில் மட்டும் என்று சொல்லிவிடுங்கள்; நடந்துகொண்டிருக்கும் மதிப்பாய்வுகள் பழைய இடத்திலேயே முடிய ஆறு வாரம்போல அவகாசம் கொடுங்கள்; அதன்பின் பழையதை வாசிக்க மட்டும் திறந்துவைத்து, எழுதுவதைப் பூட்டுங்கள். அவகாசத்துக்குள் முடியாத ஒவ்வொரு மாற்றத்தின் ஆசிரியருக்கும், அதை எப்படிப் புதிய இடத்துக்குக் கொண்டுவருவது என்று தனித்தனியே எழுத வேண்டும், ஏனென்றால் பொது அறிவிப்பைப் பெரும்பாலோர் வாசிப்பதில்லை. பங்களிப்பு வழிகாட்டிக் கோப்பின் முதல் பத்தியையும் அதே நாளில் மாற்றிவிடுங்கள்: மாற்றத்தை எங்கே அனுப்புவது, எத்தனை நாளுக்குள் பதில் எதிர்பார்க்கலாம், பதில் வராவிட்டால் யாரை நினைவூட்டுவது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.